பையனின் பையில் இருக்கும் பொட்டலம் யாருடையது? – போதைக் கும்பலிடம் சிக்கும் பிள்ளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும், தெருப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் உள்ள எல்லோருக்கும் இது எழுதப்பட்டது. போதைப் பழக்கத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிள்ளையின் கையில் சரக்கைக் கொடுத்து அனுப்பும் பெரியவனைப் பற்றி அந்த அளவு பேசுவதில்லை. பிடிபட்ட பையன் செய்தியில் வருகிறான், கொடுத்தனுப்பியவன் வருவதில்லை. கீழே உள்ள பதில்கள் அந்த இரண்டாவது ஆளை மறக்காமல் எழுதப்பட்டவை.

விற்பவர்கள் ஏன் சின்னப் பையன்களைத் தேடுகிறார்கள்?

பள்ளிச் சீருடையும் புத்தகப் பையும் போட்டவனை யாரும் நிறுத்திச் சோதிப்பதில்லை. நூறு, இருநூறு ரூபாய்க்கும் ஒரு பிரியாணிக்கும் வேலை செய்வான். மேலே இருப்பவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பயத்தில் சொல்ல மாட்டான். இதோடு சட்டக் கணக்கும் ஒன்று இருக்கிறது. "நீ மைனர்டா, மாட்டினாலும் நாலு நாள்ல வந்துருவ" என்று சொல்லித்தான் கொடுத்தனுப்புவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை, கீழே வருகிறது.

எந்தப் பிள்ளைகள் எளிதில் சிக்குகிறார்கள்? ஏழை வீட்டுப் பிள்ளைகள்தானே?

இல்லை. வறுமையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, சாயங்காலம் 4 மணியிலிருந்து 9 மணி வரை அந்தப் பிள்ளையை "எங்க இருக்க?" என்று கேட்க ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதைத்தான். ஷிப்டு வேலைக்குப் போகும் அம்மா, குடிக்கும் அப்பா, பத்தாம் வகுப்பில் தோற்று மே மாதம் முதல் சும்மா இருக்கும் பையன், படிப்பு ஏறாமல் வகுப்பில் அவமானப்படுபவன், ஹாஸ்டலிலோ வாடகை அறையிலோ இருக்கும் கல்லூரி மாணவன், ஏற்கெனவே கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலமோ கஞ்சாவோ பழகிக் கைச்செலவுக்குத் தவிப்பவன். இவர்களைத்தான் கண்டுபிடிப்பார்கள். நல்ல வசதியான வீட்டில், பேச ஆளில்லாமல் தனி அறையில் இருக்கும் பிள்ளையும் இந்த வரிசையில் உண்டு.

எப்படி இழுக்கிறார்கள்?

முதலில் யாரும் சரக்கைப் பற்றிப் பேச மாட்டார்கள். மைதானத்தில், தட்டுக்கடையில், டியூஷன் வாசலில் ஒரு "அண்ணன்" அறிமுகமாவான். பெரும்பாலும் 19, 20 வயது, அதே ஏரியா. வண்டியில் ஒரு ரவுண்டு கூட்டிப்போவான், ரீசார்ஜ் செய்து கொடுப்பான், ஷூ வாங்கித் தருவான். பள்ளியில் எவனாவது வம்பிழுத்தால் வந்து நிற்பான். பிள்ளைக்கு அது அன்பாகத்தான் தெரியும். வீட்டில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைக்கிறது.

அடுத்தது ஒரு சின்ன உதவி. "டேய், இத அந்த முக்குல நிக்கிற அண்ணன்ட்ட குடுத்துட்டு வா. உள்ள என்னன்னு பாக்காத." கொடுத்துவிட்டு வந்தால் கையில் பணம். இரண்டு, மூன்று முறை நடந்ததும் உள்ளே என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்போது விலக நினைத்தால் "நீயும்தான் கூட்டு" என்பார்கள்.

மூன்றாவது படி கடன். இதைப் பெற்றோர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். பையனிடம் ஐயாயிரம் ரூபாய்ச் சரக்கைக் கொடுத்து அனுப்புவார்கள். வழியில் இரண்டு பேர் மறித்துப் பிடுங்கிக்கொள்வார்கள். பல நேரம் அந்த இருவரும் கொடுத்தனுப்பியவனின் ஆட்களே. இப்போது பையன் ஐயாயிரம் கடன்காரன். அதை அடைக்க இன்னும் பத்து முறை ஓட வேண்டும். வீட்டில் பணம் திருடுவதும் அம்மாவின் நகை காணாமல் போவதும் இந்தக் கட்டத்தில்தான். "போதைக்காகத் திருடிவிட்டான்" என்று வீடு நினைக்கும். அவன் உயிர்ப்பயத்தில் திருடியிருப்பான்.

என்னென்ன அடையாளங்கள்?

ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கோபம், தூக்கம், தனிமை எல்லாமே பதின்பருவத்தில் சாதாரணம். நாலைந்து சேர்ந்து, சில வாரங்களுக்குள் வந்தால் கவனியுங்கள்.

கணக்கில் வராத பணமும் பொருளும், இரண்டாவது போனோ அடிக்கடி மாறும் சிம்மோ, பெயர் சொல்லாமல் "ஒரு ஃப்ரெண்டு" என்று மட்டும் சொல்லும் வயதில் மூத்த ஆட்கள். போன் அடித்ததும் முகம் மாறி வெளியே ஓடுவது. காரணம் சொல்லாத காயம், சிகரெட் சூட்டுத் தழும்பு. சொல்லாமல் வெளியூர் போய் வருவது, பையில் பழைய ரயில், பஸ் டிக்கெட்.

பொருட்களில் பார்க்க வேண்டியவை: தீப்பெட்டி அளவு ஜிப்லாக் கவர்கள் கட்டாக இருப்பது, உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் தராசு, சுருட்டும் காகிதம், கண் சிவப்புக்குப் போடும் சொட்டு மருந்து, காலி மாத்திரை அட்டைகள், இன்சுலின் ஊசி. கவரும் தராசும் சேர்ந்திருந்தால் பையன் உபயோகிப்பவன் மட்டுமல்ல, யாரோ அவனைப் பிரித்து விற்க வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

சந்தேகம் வந்துவிட்டது. முதலில் என்ன பேசுவது?

அவன் போதையில் இருக்கும்போதும், வீட்டில் உறவினர் இருக்கும்போதும் பேசாதீர்கள். காலையில், ஒருவர் மட்டும், வீட்டுக்கு வெளியே நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசினால் வாய் திறப்பான். முகத்துக்கு முகம் உட்கார வைத்தால் அது விசாரணை ஆகிவிடும்.

"கஞ்சா அடிச்சியா?" என்று தொடங்கினால் "இல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உன்ன அடிக்கப் போறதில்ல. யாருக்காச்சும் நீ பணம் தரணுமா? எவ்வளவு?" கடனைப் பற்றிக் கேட்டவுடன் அழுதுவிடும் பிள்ளைகள் உண்டு. அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சொன்னதும் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவன் எல்லாவற்றையும் அழித்துவிடுவான். அந்தப் பக்கம் இருப்பவன், அழைப்பு எடுக்கப்படவில்லை என்றதும் நேரில் வருவான். எண்கள், வாட்ஸ்அப் உரையாடல், இன்ஸ்டாகிராம் பெயர், ஜிபே பரிமாற்றம் ஆகியவற்றை அவனோடு சேர்ந்து உட்கார்ந்து படமெடுத்து உங்கள் போனில் வையுங்கள். அவனை ஏமாற்றப்பட்ட பிள்ளை என்று பின்னால் நிரூபிக்கப் போவது இவைதான்.

வீட்டில் பொட்டலம் கிடைத்தது. கழிவறையில் கொட்டிவிடலாமா?

முதலில் கை அதற்குத்தான் போகும். ஆனால் கொட்டியதும் அதன் விலை பையன் தலையில் கடனாக ஏறும், அது யாருடையது என்ற தடயமும் போய்விடும். வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்து: தெரிந்தே தன் வீட்டைப் பயன்படுத்த அனுமதித்தவர் மீது போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்கு வரலாம். நீங்களே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் வழியில் பிடிபடுபவர் நீங்கள்.

எனவே தொடாமல், எண்ணாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அன்றைக்கே சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் இலவசம். அவர் துணையோடு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் காவல் துறைக்குத் தெரிவியுங்கள். எப்போது, எங்கே, எப்படிக் கிடைத்தது, பையன் யார் பெயரைச் சொன்னான் என்று தேதியிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

கடனைக் கட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் அல்லவா?

விடுவது அபூர்வம். கட்டக்கூடிய அப்பா ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் வட்டி என்றும், "இன்னொரு பார்சலும் இவன்ட்டதான் இருந்துச்சு" என்றும் தொகை வளரும். மிரட்டல் வந்தால் அழைப்பைப் பதிவு செய்யுங்கள், வீட்டுக்கு வந்தவனின் வண்டி எண்ணைக் குறியுங்கள், காவல் நிலையத்தில் எழுத்தாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். எனும் புகார் ஏற்பு ரசீது வாங்குங்கள். உடனடி ஆபத்துக்கு 112.

பையன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லி ஏ.டி.எம். கார்டை வாங்கிக்கொண்டார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாது. விற்ற பணமும் ஆன்லைன் மோசடிப் பணமும் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும், கேள்வி கேட்கப்படுவது கணக்கு யார் பெயரிலோ அவரிடம். வங்கிக்கு நேரில் போய் கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்கி, எழுத்தாகக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 1930 சைபர் குற்ற எண்ணில் நீங்களே முந்திக்கொண்டு தெரிவியுங்கள். அவன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை "சஞ்சார் சாத்தி" அரசுத் தளத்தில் பார்த்து, தெரியாத எண்களைத் துண்டிக்கலாம். அவன் பெயரில் வாங்கிய வண்டியை இரவல் கொடுத்திருந்தால் அன்றே திரும்ப வாங்குங்கள். சரக்கோடு பிடிபட்டால் வண்டியும் பறிமுதலாகும்.

போலீசுக்குப் போகாமல் உதவி கிடைக்குமா?

கிடைக்கும். ஊரில் பலருக்கும் தெரியாத வாசல் இது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 2(14)இன்படி, போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் அபாயத்தில் உள்ள பிள்ளை "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை". அந்தப் பிள்ளை போக வேண்டிய இடம் குழந்தை நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது, உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு. பெற்றோர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் பிள்ளையை அழைத்துப் போகலாம், பிள்ளையே தனியாகவும் போகலாம்.

எளிய வழி குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரமும் எடுப்பார்கள். "என் பையனைச் சிலர் சரக்கு கைமாற்றப் பயன்படுத்துகிறார்கள், மிரட்டுகிறார்கள்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். "பையன் சொன்ன பேச்சுக் கேக்க மாட்றான்" என்று தொடங்கினால் அறிவுரையோடு முடிந்துவிடும். இப்படிப் பிடிபடுவதற்கு முன்பே குழு முன் வந்த பதிவு ஒன்று இருந்தால், பின்னால் வழக்கு வந்தாலும் அவன் பயன்படுத்தப்பட்டவன் என்பதற்கு அதுவே முதல் சான்று.

பிடித்துவிட்டார்கள், ஸ்டேஷனில் இருக்கிறான். இப்போது?

18 வயது நிரம்பாதவன் என்றால் உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் பொருள் வயதுச் சான்று. பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பல வழக்குகள் கெடுவது இங்கேதான்: பயத்தில் பையன் வயதை உளறுவான், தாளில் 19 என்று ஏறிவிடும், நேராகச் சிறைக்குப் போய்விடுவான். அப்படி ஆகிவிட்டாலும் கை நழுவவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 9இன்படி வயதை எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம்.

பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவரைப் பெயர் கேட்டுப் பாருங்கள். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. இளைஞர் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகளின்படி பிள்ளையைப் பற்றிச் "சமூகப் பின்னணி அறிக்கை" என்று ஒரு படிவம் நிரப்புவார்கள். கும்பலோ பெரியவர்களோ இந்தப் பிள்ளையைப் பயன்படுத்தினார்களா, போதைப்பொருள் விற்க வைத்தார்களா என்று அதில் நேரடியாக ஒரு கேள்வி இருக்கிறது. அவசரத்தில் "இல்லை" என்று போய்விடும். அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று வரும்படி, நீங்கள் எழுதி வைத்த தாளையும் போன் படங்களையும் காட்டுங்கள். முடிந்தால் அதற்கு முன் நகர வேண்டாம்.

ஜாமீன் கிடைக்குமா?

பிள்ளைகளுக்கு ஜாமீன்தான் பொதுவிதி (இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 12). போதை வழக்கின் கடுமையான ஜாமீன் நிபந்தனைகள் சிறாருக்குப் பொருந்தாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு: வெளியே விட்டால் மறுபடி குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து என்று குழுமம் நினைத்தால் வழக்கு முடியும்வரை சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பலாம். அதனால் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். எந்த உறவினர் வீட்டில் இருப்பான், சாயங்காலம் யார் கூட இருப்பார்கள், எந்தப் பள்ளி திரும்பச் சேர்த்துக்கொள்கிறது, எந்த மருத்துவமனையில் பதிவு செய்தீர்கள் என்று ஒரு பக்கத் திட்டமும் பள்ளியின் கடிதமும் நன்னடத்தை அலுவலரிடம் முன்கூட்டியே கொடுங்கள். அவர் அறிக்கையைத்தான் குழுமம் பார்க்கும்.

"மைனர் என்றால் ஒன்றும் ஆகாது" என்பது உண்மையா?

எடையைப் பொறுத்தது. சட்டப்படி கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஆனால் செயற்கைப் போதைப்பொருள்களில் மெத்தம்பெட்டமைனுக்கு வணிக அளவு 50 கிராம், எம்.டி.எம்.ஏ.வுக்கு வெறும் 10 கிராம். இரண்டு ஐந்து ரூபாய் நாணயம் அதைவிடக் கனம். அதுவும் சுத்தமான போதைப்பொருளின் எடை மட்டுமல்ல, கலந்திருக்கும் மாவோடு சேர்த்து மொத்தக் கலவையின் எடை. 2020இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கையில் எதை வைத்திருக்கிறோம் என்றே தெரியாத பையன் பத்தாண்டுத் தண்டனைக்குரிய எடையைச் சட்டைப் பையில் வைத்திருக்க முடியும்.

வணிக அளவு என்றால் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு, எனவே சிறார் சட்டத்தில் அது "கொடிய குற்றம்". 16 வயது நிரம்பியவன் என்றால், விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் அவனுக்கு இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று குழுமம் 3 மாதத்துக்குள் மதிப்பிட்டு, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பக்கூடும். அங்கே வளர்ந்தவனைப் போல விசாரிக்கலாம். "எந்தச் சூழ்நிலையில்" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மிரட்டல், கடன் பற்றிய சான்றுகளைச் சேர்க்கச் சொல்கிறோம்.

மற்ற வழக்குகளில் அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று போகும். அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். பிரிவு 24இன்படி அது அவனுடைய வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக்குறைவு ஆகாது. பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகம் வெளியிட்டால் அது பிரிவு 74இன்படி குற்றம்.

பையனுக்கு 18 முடிந்து இரண்டு மாதம். அதே விதிகள்தானே?

இல்லை. 18 நிரம்பிய பிறகு நடந்ததற்கு, மேலே சொன்ன சிறார் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கையில் இருந்ததற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு அவன் தலையில் வரும் (என்.டி.பி.எஸ். பிரிவு 54). வணிக அளவில் ஜாமீன் மிகக் கடினம் (பிரிவு 37), விசாரணைக்கு மட்டும் 180 நாள் வரை எடுக்கலாம். அறையில் கூட இருந்தவன், வண்டி கொடுத்தவன்கூட சதியில் சேர்க்கப்படுவான். கும்பல்காரனுக்கு இந்தத் தேதி நன்றாகத் தெரியும், பிள்ளைக்குத் தெரிவதில்லை. பதினேழாவது பிறந்தநாளிலேயே இதை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

ஒரே ஆறுதல் அதே சட்டத்தின் பிரிவு 64ஏ: பழக்கத்துக்கு ஆளானவர் தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், உபயோகித்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகும்.

கொடுத்தனுப்பியவன் மேல் என்ன வழக்கு போடலாம்?

நிறைய. பிள்ளையைப் போதைப்பொருள் விற்கவோ கடத்தவோ பயன்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 78: 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். பிள்ளைக்குப் போதை கொடுத்தாலே பிரிவு 77, அதே தண்டனை. சட்டவிரோதச் செயலுக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்குப் பிரிவு 83(2): 7 ஆண்டு வரை, 5 லட்சம் வரை அபராதம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் பிரிவு 95: பிள்ளையைக் குற்றத்தில் ஈடுபடுத்தினால் குறைந்தது 3, அதிகபட்சம் 10 ஆண்டு. போதை வழக்கில் சிறாரைப் பயன்படுத்தியதும், கல்விக்கூடத்துக்கு அருகில் நடந்ததும் தண்டனையைக் கூட்டும் காரணங்கள்.

இவ்வளவு இருந்தும் வழக்குத்தாளில் இவை வராமல் போவதற்கு ஒரு நுட்பக் காரணம் உண்டு. 2021 திருத்தத்துக்குப் பிறகு 77, 78 போன்ற பிரிவுகளை மட்டும் வைத்து, நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. "அது எங்களால முடியாது" என்று சொல்வார்கள். ஆனால் வழக்கில் ஒரு பிரிவு போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடியதாக இருந்தால், மொத்த வழக்கையும் அப்படியே விசாரிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா 174(4) சொல்கிறது. போதைச் சட்டப் பிரிவு அப்படிப்பட்டது. எனவே போதைச் சட்டத்தோடு 78, 83(2), 95 மூன்றையும் சேர்க்கும்படி மனுவில் எண் குறிப்பிட்டு எழுதுங்கள். குழந்தை நலக் குழுவும் இதைப் பரிந்துரைக்கலாம்.

பள்ளியில் தெரிந்துவிட்டது. டி.சி. கொடுக்கிறேன் என்கிறார்கள்.

தலைமையாசிரியரின் பயம் புரிகிறது, மற்றப் பிள்ளைகளைக் காக்க வேண்டும். ஆனால் டி.சி. கொடுத்த மறுநாள் அந்தப் பையன் முழுநேரமும் அந்த அண்ணனிடம்தான் இருப்பான், பழைய பள்ளி நண்பர்களிடம் விற்க அவனையே அனுப்புவார்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியை விட்டு நீக்கவே சட்டத்தில் இடமில்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி செய்யக்கூடியது: பையைச் சோதிக்கும்போது இரண்டு ஆசிரியர்கள் உடனிருப்பது, வகுப்பின் முன் அவமானப்படுத்தாமல் இருப்பது, பெற்றோரையும் 1098ஐயும் அழைப்பது, வாசலில் காத்திருக்கும் வண்டிகளின் எண்ணைக் குறித்துக் கொடுப்பது. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்தால் பாதி ஆபத்து அங்கேயே தெரிந்துவிடும்.

பெண்பிள்ளைகளையும் பயன்படுத்துகிறார்களா?

ஆம். பெண்ணைப் பெண் அதிகாரிதான் சோதிக்க முடியும் என்பதைக் கணக்குப் போட்டே செய்கிறார்கள். வழி பெரும்பாலும் காதல், பிறகு படங்களை வைத்து மிரட்டல். அவளுக்கு 18 நிரம்பாமல், பாலியல் சுரண்டலும் நடந்திருந்தால் போக்சோ சட்டம் தனியாக வரும், அதைத் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். "குடும்ப மானம்" என்று மறைத்தால் மிரட்டுபவனுக்குத்தான் லாபம்.

சிகிச்சைக்கு எங்கே? தனியார் மறுவாழ்வு மையத்தில் விட்டுவிடலாமா?

முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். 2025 முதல் "கலங்கரை" என்ற பெயரிலும் அரசு மையங்கள் இயங்குகின்றன. போதை மீட்புக்கு வழிகாட்ட 14446, மன ஆலோசனைக்கு 14416.

தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்க, முந்தைய 7 நாளுக்குள் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவர். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ பொறுப்பானவரோ முழுநேரமும் கூட இருக்க வேண்டும். "விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் பாக்க வராதீங்க" என்று சொல்லும் இடத்திலிருந்து அப்போதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டில் பூட்டிவைத்து நிறுத்த முயலாதீர்கள். தூக்க மாத்திரை வகைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். போதை தரும் வலி மாத்திரையையோ ஹெராயினையோ சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவு எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான குறட்டை மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி – உடனே 108. வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள்.

தகவல் கொடுத்தால் என் பெயர் வெளியே போகுமா?

தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது (என்.டி.பி.எஸ். பிரிவு 68). தகவல் சொல்ல வேண்டிய எண்கள்: தமிழ்நாட்டில் 10581, நாடு முழுவதற்கும் 1933. உள்ளூர் நிலையத்தில் மாமூல் போகிறது என்று சந்தேகம் இருந்தால் 1933ஐயோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளரையோ நாடுங்கள். "எங்க தெருவுல கஞ்சா விக்கிறாங்க" என்ற தகவலில் ஒன்றும் நடக்காது. எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, வண்டி எண், பணம் யார் கையில், சரக்கு எங்கே ஒளித்திருக்கிறது, பிள்ளைகள் பயன்படுத்தப்படுகிறார்களா என்று சொல்லுங்கள். படமெடுக்க அருகே போகாதீர்கள்.

"வெளிநாட்டில் வேலை, போகும்போது இந்தப் பையை மட்டும் கொடுத்துவிடு" என்கிறார்கள்.

கூடாது. பூட்டிய பை, ஊறுகாய் பாட்டில், மருந்து அட்டை எதுவானாலும் கூடாது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை உண்டு. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லையைக் கடக்கும்போது பிடிபட்டார். அப்போது அவருக்கு 20 வயது. அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார்.

பையனைச் சித்தி ஊருக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா?

மிரட்டல் இருக்கும்போது கொஞ்ச நாள் இடம் மாற்றுவது நல்லதுதான், குழந்தை நலக் குழுவும் உறவினர் வீட்டில் இருக்க அனுமதிக்கும். கெடுவது எப்போது என்றால், அதே போன், அதே சிம், அதே இன்ஸ்டாகிராம் கணக்கோடு அனுப்பும்போது. இரண்டாவது வாரம் அந்த ஊரிலேயே ஒருவன் வந்து நிற்பான், அல்லது "அங்க மார்க்கெட் இல்ல, நீயே ஆரம்பி" என்பார்கள். எனவே சான்றுகளைப் படமெடுத்துப் பத்திரப்படுத்திய பிறகு எண்ணை மாற்றுங்கள். எங்கே இருக்கிறான் என்று அவன் நண்பர்களுக்குச் சொல்லாதீர்கள். சித்தியிடம் உண்மையைச் சொல்லி அனுப்புங்கள், மறைத்தால் அவரால் எதையும் கவனிக்க முடியாது. போன முதல் வாரத்திலேயே பள்ளியிலோ ஐ.டி.ஐ.யிலோ ஒரு தொழிற்கூடத்திலோ சேர்த்துவிடுங்கள். தினமும் இரவு 8 மணிக்கு நீங்களே அழையுங்கள். என்ன செய்தாய் என்று விசாரிக்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.